"வடக்கன்" என்னும் சொல்: நகைச்சுவை, இழிவு, மிகையுணர்ச்சி

ஒரு நகைச்சுவையைப் பற்றித் தகராறு எழும்போதெல்லாம் இரண்டு வாக்கியங்கள் மாறி மாறிக் கேட்கின்றன. "சும்மா தமாஷுக்குச் சொன்னதை இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டுமா?" என்பது ஒன்று. "எங்கள் மனம் புண்பட்டுவிட்டது, தடைசெய்ய வேண்டும்" என்பது மற்றொன்று. முதல் வாக்கியத்தைச் சொல்பவருக்கு எதிர்ப்பவர்கள் எல்லாரும் தொட்டாற்சிணுங்கிகள். இரண்டாவதைச் சொல்பவருக்குச் சிரிப்பவர்கள் எல்லாரும் கயவர்கள். இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. குறிப்பிட்ட அந்த நகைச்சுவையைப் படிக்காமலே, பார்க்காமலே இரண்டையும் சொல்லிவிட முடியும்.

நகைச்சுவையை மதிப்பிடுவதற்கு "யாராவது புண்பட்டார்களா?" என்ற கேள்வி போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த நகைச்சுவை யாரைக் குறிவைக்கிறது, அடி உண்மையில் யார் மேல் விழுகிறது, அடி விழுந்தவரால் அதே மேடையில் திருப்பிப் பேச முடியுமா என்ற மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. இதற்கு எடுத்துக்காட்டாக, இன்றைய தமிழ்நாட்டில் அன்றாடம் புழங்கும் "வடக்கன்" என்ற சொல்லையும், அது அதிகம் ஒலிக்கும் இடங்களில் ஒன்றான ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வட்டாரத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

சாலையோரத்தில் பிறக்கும் சிரிப்பு

ஏரிப் பாசன வயல்கள் நிறைந்திருந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் 1990களின் பிற்பகுதியில் மாறத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்தது. 2006இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கி, 2014இல் ஆலையை மூடியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு ஆகிய நிறுவனங்கள் ஆலை அமைத்தன. சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கானும் சாம்சங்கும் உள்ளன. இவற்றைச் சுற்றி உதிரிபாக ஆலைகளும் கிடங்குகளும் கட்டுமானப் பணிகளும் பெருகின. ஐடிஐ, டிப்ளமோ முடித்த தென்மாவட்ட இளைஞர்கள் முதலில் வந்தார்கள். பின்னர் ஒடிசா, பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்கம், அசாம் எனப் பல மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். ஒரே அறையை ஷிப்ட் முறையில் பகிர்ந்துகொண்டு வாழ்பவர்கள் இவர்களில் ஏராளம்.

இவர்களைப் பற்றிய நகைச்சுவை தேநீர்க் கடைப் பேச்சிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் யூடியூப் காணொளிகளிலும் மீம்களிலும் ஓடுகிறது. அவற்றைத் தொகுத்துப் பார்த்தால் சில வார்ப்புகளே திரும்பத் திரும்ப வருவது தெரியும். முன்பதிவுப் பெட்டியில் டிக்கெட் இல்லாமல் ஏறி உட்காருபவர், பான்பராக் துப்புபவர், பானிபூரி விற்பவர், எதைக் கேட்டாலும் புரியாமல் தலையாட்டுபவர், பாதிச் சம்பளத்துக்கு வேலை செய்து "நம்ம வேலையை" எடுத்துக்கொண்டவர். இவ்வளவுதான்.

இந்த வார்ப்புகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பாதிச் சம்பளத்துக்கு ஒருவர் வேலை செய்கிறார் என்றால், பாதிச் சம்பளம் கொடுக்க முடிவு செய்தவர் வேறொருவர். நிரந்தரப் பணியிடத்தை ஒப்பந்தப் பணியிடமாக மாற்றியவர், அந்த ஒப்பந்தத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர், இடையில் கமிஷன் எடுத்தவர் என ஒரு வரிசையே இருக்கிறது. முன்பதிவுப் பெட்டியில் நெரிசல் என்றால், வடக்கேயிருந்து சென்னைக்கு வரும் நெடுந்தூர ரயில்களில் பொதுப்பெட்டிகள் போதவில்லை என்பது அதன் முதல் காரணம். ஆனால் அந்த மீம்களில் ஒப்பந்ததாரரும் இல்லை, ரயில்வேயும் இல்லை. வரிசையின் கடைசியில் நிற்கிற, தமிழ் தெரியாத, பதில் சொல்ல முடியாத ஆள் மட்டுமே இருக்கிறார். சிரிப்பு எளிதாகக் கிடைக்கும் இடத்தில் அது தங்கிவிடுகிறது.

சொல்லின் வடிவமும் கவனிக்கத்தக்கது. "வடவர்", "வடநாட்டார்" என்ற சொற்கள் தமிழில் ஏற்கெனவே உண்டு. அவற்றை விட்டு "-அன்" விகுதியில் நிற்கும் ஒரு சொல் பரவியிருக்கிறது. நேரில் "பையா" என்று கூப்பிடும் அதே வாய், அவர் நகர்ந்ததும் "வடக்கன்" என்கிறது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசே "அதிதி தொழிலாளி", அதாவது விருந்தினர் தொழிலாளி என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. சொல்லை மாற்றினால் நிலைமை மாறிவிடாது. ஆனால் எந்தச் சொல் சிரிப்பை வரவழைக்கிறது என்பதிலிருந்து நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம்.

"வடக்கன்" படம் "ரயில்" ஆன கதை

இந்தப் பின்னணியில் 2024ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்வு மிக முக்கியமானது. எழுத்தாளர் பாஸ்கர் சக்தி இயக்கி, மு. வேடியப்பன் தயாரித்த திரைப்படத்துக்கு "வடக்கன்" என்று பெயர் வைக்கப்பட்டிருந்தது. தணிக்கை வாரியம் அந்தத் தலைப்பை ஏற்கவில்லை. படம் "ரயில்" என்ற பெயரில் 2024 ஜூன் மாதம் வெளியானது.

படத்தின் கதை என்ன? தேனிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் ஒருவன் குடிக்கு அடிமையாகி வேலையைக் கோட்டை விடுகிறான். பக்கத்து வீட்டில் குடியிருந்து ஒழுங்காக உழைக்கும் வட மாநிலத் தொழிலாளி மேல் அவனுக்குத் தீராத எரிச்சல். தன் வாழ்க்கைச் சரிவுக்கான காரணத்தை அவன் அந்த மனிதன் மேல் ஏற்றிவைக்கிறான். படம் அந்த எரிச்சலை நியாயப்படுத்துவதற்காக எடுக்கப்பட்டது அல்ல. அது எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்காக எடுக்கப்பட்டது. "வடக்கன்" என்ற சொல்லைத் தலைப்பில் வைத்தது, அந்தச் சொல்லை அன்றாடம் உச்சரிக்கும் பார்வையாளரைத் திரையரங்குக்குள் வரவைத்து, அவர் முன்னால் ஒரு கண்ணாடியைப் பிடிப்பதற்காக என்றே கொள்ள வேண்டும்.

இங்கே ஏற்படும் முரண் தெளிவானது. இழிவான பொருளில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் ஆயிரக்கணக்கான மீம்களை எந்த வாரியமும் பார்ப்பதில்லை. அந்த இழிவைக் கேள்வி கேட்கும் படத்துக்கு மட்டும் அந்தச் சொல் மறுக்கப்பட்டது. சொல்லைப் பயன்படுத்துவதும் சொல்லைச் சுட்டிக்காட்டுவதும் வேறு வேறு என்பது பள்ளி இலக்கண மாணவருக்கும் புரியும் வேறுபாடு. "அவன் என்னைத் திருடன் என்றான்" என்று சொல்பவர் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. மிகையுணர்ச்சியின் முதல் அடையாளம் இந்த வேறுபாட்டைப் பார்க்க மறுப்பதுதான். அது சொல்லைக் கேட்டதும் துள்ளுகிறது. வாக்கியம் முடியும்வரை காத்திருப்பதில்லை.

குறி ஒன்று, அடி வேறொன்று

நகைச்சுவையில் குறியும் அடியும் பிரிந்துபோவது உண்டு. 2022 மே மாதம் கோவையில் நடந்த பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், அப்போது உயர்கல்வி அமைச்சராக இருந்த பொன்முடி, இந்தி படித்தால் வேலை கிடைக்கும் என்கிறார்களே, இங்கே பானிபூரி விற்பவர்கள் யார் என்ற பொருளில் பேசினார். அவர் குறிவைத்தது இந்தித் திணிப்பை. 1938, 1965 போராட்டங்களின் நினைவு உள்ள மண்ணில் அந்தக் குறி நியாயமானதே. 2020இல் பரவிய "ஹிந்தி தெரியாது போடா" என்ற பனியன் வாசகத்தின் குறியும் அதுதான். அந்த வாசகம் அதிகாரத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லப்பட்டது, அடியும் அங்கேயே விழுந்தது. பானிபூரிப் பேச்சிலோ குறி டெல்லியில் இருக்க, அடி தள்ளுவண்டிக்காரர் மேல் விழுந்தது. இந்தித் திணிப்பை முடிவு செய்யும் எந்தக் கூட்டத்திலும் அவர் உட்கார்ந்ததில்லை. அவருடைய தாய்மொழி இந்தியாகவே இல்லாமல் போஜ்புரியாகவோ மைதிலியாகவோ இருக்கவும் வாய்ப்பு உண்டு.

தமிழர்களே இந்த அடியை வாங்கிய வரலாறும் இருக்கிறது. 1968இல் வந்த "படோசன்" இந்திப் படத்தில் மெஹ்மூத் நடித்த தமிழ்ப் பாட்டு வாத்தியார் பாத்திரம், குடுமி, உச்சரிப்பு, அங்கசேஷ்டை எல்லாவற்றாலும் சிரிப்புக்கு உரியதாக ஆக்கப்பட்டது. 2013இன் "சென்னை எக்ஸ்பிரஸ்" வரை அந்த "மதராசி" வார்ப்பு நீண்டது. இவற்றைப் பார்த்துச் சிரித்த தமிழர்களும் உண்டு, கோபப்பட்டவர்களும் உண்டு. திரையில் நிற்கும் வரை இது ரசனை சார்ந்த விவகாரம்.

திரைக்கு வெளியே அது வேறு வடிவம் எடுத்ததும் உண்டு. பம்பாயில் 1960இல் பால் தாக்கரே தொடங்கிய "மார்மிக்" ஒரு கேலிச்சித்திர வார இதழ். அதில் தென்னிந்தியர்கள் தொடர்ந்து கேலிக்கு ஆளானார்கள். நிறுவனங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்களும் அதில் வெளிவந்தன. 1966இல் சிவசேனை பிறந்தது. லுங்கியைக் கேலி செய்யும் எதுகை முழக்கம் தெருவுக்கு வந்தது. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. கேலிச்சித்திரம்தான் கல்லெறிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கல்லெறிபவருக்கு எதிரே இருப்பவர் ஒரு மனிதர் அல்ல, ஒரு கேலிப் பொருள் என்று பழக்கப்படுத்தியதில் அந்தச் சித்திரங்களுக்குப் பங்கு இருக்கிறது. இலங்கையில் மலையகத் தமிழர்கள் மேல் ஒட்டப்பட்ட "கள்ளத்தோணி" என்ற சொல்லும் அப்படிப்பட்டதே. ஏளனப் பேச்சில் புழங்கிய அந்தச் சொல்லின் எண்ணம், 1948இன் குடியுரிமைச் சட்டத்தில் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கும் அளவுக்குச் சென்றது.

எனவே "வடக்கன்" மீம்களில் இருக்கும் பானும் பானிபூரியும் நமக்குப் புதிதல்ல. லுங்கியின் இடத்தில் அவை வந்து உட்கார்ந்திருக்கின்றன.

யாருடைய புண் உத்தரவாகிறது?

புண்படுதல் என்பது எல்லா மனிதருக்கும் பொது. ஆனால் புண்பட்டேன் என்று சொன்னால் காவல்துறை வருமா, ஆலோசனை கிடைக்குமா, அல்லது யாரும் காதில் வாங்கமாட்டார்களா என்பது புண்பட்டவரின் இடத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டின் நகைச்சுவை வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

1987இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு துணுக்கு வந்தது. மேடையில் இருக்கும் இருவரில் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்று கேட்க, ஜேப்படிக்காரர் போல் இருப்பவர் ஒருவர், முகமூடிக் கொள்ளைக்காரர் போல் இருப்பவர் மற்றவர் என்று பதில் வரும். எளிய, பழகிப்போன கிண்டல். சட்டமன்றம் இதை உரிமை மீறலாகக் கருதியது. பி.ஹெச். பாண்டியன் பேரவைத் தலைவராக இருந்த அவை, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் அவர் வழக்குத் தொடுத்து, உயர் நீதிமன்றம் அடையாளமாக 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. சிறைக்கு அனுப்பும் அதிகாரம் கொண்ட ஓர் அவையே இங்கே புண்பட்ட தரப்பு.

2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் தீக்குளித்தது. அதையொட்டி முதல்வரையும் அதிகாரிகளையும் ஆடையின்றிச் சித்திரித்துக் கேலிச்சித்திரம் வரைந்த பாலா நவம்பரில் கைது செய்யப்பட்டார். அந்தச் சித்திரம் நாகரிகமானதா என்று விவாதிக்கலாம். ஆனால் எரிந்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, சட்டம் அசைந்தது வரையப்பட்டவர்களின் மானத்துக்காக. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா இந்தியர்களைக் கைவிலங்கு பூட்டி நாடுகடத்தியபோது, விலங்கிடப்பட்ட பிரதமர் அமெரிக்க அதிபர் அருகில் அமர்ந்திருப்பதாக விகடன் பிளஸ் இதழ் ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது. விகடன் இணையதளமே முடங்கியது. மார்ச் மாதம், அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உண்மையில் விலங்கு பூட்டப்பட்டவர்கள் புலம்பெயர் தொழிலாளர்கள். அவர்களுடைய இழிவைப் பற்றி வரைந்த சித்திரம், வேறொருவருடைய இழிவாகக் கருதப்பட்டு மறைக்கப்பட்டது.

இன்னும் பின்னால் போனால், எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் கட்டுப்படுத்தவே வந்தது என்று பரவலாகச் சொல்லப்படும் 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் இருக்கிறது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று 2013இல்தான் தீர்ப்பு வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு அருகில் அது நாடகக்காரர் தலைக்கு மேல் தொங்கியது.

இந்த நிகழ்வுகளுக்கு அருகில் ஒரகடத்துத் தொழிலாளியை நிறுத்திப் பாருங்கள். அவரைப் பற்றிய காணொளிக்கு எதிராக அவர் புகார் கொடுப்பதில்லை. அது அவருக்கு உணர்ச்சி இல்லாததால் அல்ல. புகார் எழுதும் மொழி இல்லை. காவல் நிலையத்துக்குப் போனால் ஒரு ஷிப்ட் சம்பளம் போகும். அடுத்த மாதம் ஒப்பந்தம் தொடருமா என்பதும் தெரியாது. ஆகவே "யாரும் புகார் சொல்லவில்லையே, அப்படியென்றால் யாரும் புண்படவில்லை" என்ற வாதம் தவறு. புகார்களை எண்ணினால், புகார் கொடுக்கும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதுதான் தெரியவரும்.

மிகையுணர்ச்சியின் அளவுகோல்

இதிலிருந்து ஒருவர் அவசரமாக ஒரு முடிவுக்கு வரக்கூடும். வலியவர் புண்பட்டால் பொருட்படுத்தத் தேவையில்லை, எளியவர் புண்பட்டால் தடை செய்யலாம் என்று. இந்த முடிவும் சரியல்ல. அதற்கும் தமிழ்நாட்டிலேயே ஒரு வழக்கு இருக்கிறது.

1980களின் இறுதியில் "ஒரே ஒரு கிராமத்திலே" என்ற படம் இடஒதுக்கீட்டு முறையை விமர்சித்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் நலனுக்கு அது எதிரானது என்ற எதிர்ப்பு எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றம் படத்துக்கு வழங்கப்பட்ட சான்றிதழை ரத்து செய்தது. எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன் ராம் என்று அறியப்படும் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989 மார்ச்சில் அந்த உத்தரவை மாற்றியது. ஒரு படத்தின் விளைவைப் பொது அறிவும் நிதானமும் உள்ள சாதாரண மனிதரின் அளவுகோலால் பார்க்க வேண்டும், மிகையுணர்ச்சி கொண்டவரின் அளவுகோலால் அல்ல என்று அது கூறியது. போராட்டம் நடத்துவோம் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்கக் கூடாது, சட்டம் ஒழுங்கைக் காக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்கவும் கூடாது என்றது. வெடிமருந்துக் கிடங்கில் விழும் பொறியைப் போல், ஆபத்து நேரடியாகவும் உடனடியாகவும் இருந்தால் மட்டுமே தடைக்கு இடம் உண்டு.

இடஒதுக்கீட்டை ஆதரிப்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு கசக்கலாம். ஆனால் அதே அளவுகோல்தான் பின்னாளில் எளியவர் பக்கம் நின்ற படைப்புகளையும் காக்கப் பயன்பட்டது. பெருமாள்முருகனின் "மாதொருபாகன்" நாவலுக்கு எதிராக 2014, 2015இல் நடந்தவற்றையும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்பளித்ததையும் நினைத்தால் இது புரியும். தடை என்ற கருவியை எளியவர் கையில் கொடுத்தாலும், அது சீக்கிரமே வலியவர் கைக்குப் போய்விடும். "வடக்கன்" தலைப்பு விவகாரத்தில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே. எளியவர் பெயரில் எடுக்கப்பட்ட முடிவு, எளியவருக்காகப் பேசிய படத்தைத்தான் தொட்டது.

ஆகவே, தடை கூடாது என்பது ஒரு நிலைப்பாடு. அந்த நகைச்சுவை நல்லது என்பது வேறு நிலைப்பாடு. முதலாவதை ஏற்றவர் இரண்டாவதையும் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவதால்தான் "கருத்துரிமை" என்ற பெயரில் மோசமான நகைச்சுவைக்கும் மரியாதை கிடைத்துவிடுகிறது.

கட்டியங்காரனும் கான்ட்ராக்டர் நேசமணியும்

நல்ல நகைச்சுவை மென்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள காஞ்சிபுரம் வட்டாரம் தெருக்கூத்துக்குப் பேர்போனது. கூத்தில் முதலில் வருபவன் கட்டியங்காரன். அவன் ராஜாவை முகத்துக்கு நேரே கிண்டல் செய்வான், ஊர்ப் பெரியவரையும் விடமாட்டான். ராஜா வேடம் போட்டவர் எதிரிலேயே நிற்பார், பதிலும் சொல்வார். கேலியும் பதிலும் ஒரே களரியில், ஒரே மொழியில் நடக்கின்றன. அதனால்தான் அந்தக் கேலியை ஊர் தாங்குகிறது. அதே கட்டியங்காரன் பெண்களையும் உடற்குறை உள்ளவர்களையும் கேலி செய்யும்போது அந்தச் சமநிலை இல்லை. கலை மரபு என்பதற்காக அதை ஒளிக்கத் தேவையில்லை.

தமிழ்த் திரை நகைச்சுவையிலும் இந்த இரட்டைத்தன்மை உண்டு. நிறத்தையும் தலையையும் உருவத்தையும் சொல்லித் திட்டுவது நெடுங்காலம் எளிய சிரிப்பு உத்தியாக இருந்தது. வடிவேலு பெரும்பாலும் வேறு வழியில் போனார். "வின்னர்" (2003) கைப்புள்ள அடி வாங்குபவன். அவனுடைய வீறாப்பும் அவன் வாங்கும் அடியும் ஒரே உடம்பில் இருப்பதால் சிரிப்பு அவன் மேலேயே திரும்புகிறது. "ஃப்ரெண்ட்ஸ்" (2001) படத்தின் கான்ட்ராக்டர் நேசமணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 மே மாதக் கடைசியில் அந்தப் பெயர் உலக அளவில் ட்ரெண்ட் ஆனது. அந்தக் காட்சிகளின் சிரிப்பு யார் மேல்? வேலை வாங்கும் கான்ட்ராக்டர் மேல். ஆட்களை அதட்டுபவர் தலையிலேயே சுத்தியல் விழுகிறது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிறைந்த ஒரு தொழில்வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான நகைச்சுவை இருக்க முடியாது. தமிழ்த் தொழிலாளியும் ஒடியத் தொழிலாளியும் சேர்ந்து சிரிக்கக்கூடிய இடம் அது. இருவருக்கும் அதட்டுபவர் ஒருவரே.

பேச்சுவழக்கை வைத்துச் சிரிக்க வைப்பதும் தானாகவே தவறாகிவிடாது. "தெனாலி" (2000) படத்தில் கமல்ஹாசன் ஏற்ற ஈழத்தமிழர் பாத்திரம் பேச்சாலும் பயத்தாலும் சிரிப்பை ஏற்படுத்துகிறது. ஆனால் அந்தப் பயம் போரிலிருந்து வந்தது என்று படம் பார்வையாளருக்குச் சொல்கிறது. அவருக்குக் காதலும் அறிவும் கதையில் நடுவிடமும் உண்டு. "வடக்கன்" மீம்களில் வரும் ஆளுக்குப் பெயர்கூட இல்லை.

தடைக்கும் மௌனத்துக்கும் நடுவில்

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு விமர்சகர்களுக்கு உதவக்கூடியது. "ஆங்க் மிச்சோலி" என்ற இந்தித் திரைப்படம் மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்வதாக நிபுன் மல்ஹோத்ரா வழக்குத் தொடுத்திருந்தார். நீதிமன்றம் படத்தைத் தடை செய்யவில்லை. ஆனால் இரண்டு வகை நகைச்சுவையைப் பிரித்துக் காட்டியது. ஊனத்தைப் பற்றிய புரிதலை வளர்க்கும் நகைச்சுவை ஒன்று. ஊனமுற்றவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை மற்றொன்று. சித்திரிக்கப்படுபவர்களையும் கலந்துகொண்டு படைப்பது நல்லது என்றும் வழிகாட்டியது. கத்தரி எடுக்காமல் விமர்சனம் செய்ய முடியும் என்பதற்கு இது ஒரு நீதிமன்றமே காட்டிய எடுத்துக்காட்டு. 2025 ஆகஸ்டில் மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்த சில மேடை நகைச்சுவையாளர்களை மன்னிப்புக் கேட்கச் சொல்லும் அளவுக்கு அதே நீதிமன்றம் சென்றபோது, அந்த எல்லை எவ்வளவு மெல்லியது என்பதும் தெரிந்தது. அந்தக் கேலிகள் கண்டிக்கத்தக்கவை. ஆனால் மன்னிப்பு உத்தரவால் வரும்போது, கேட்பவர் எதைக் கற்றார் என்று அறிய வழியில்லை.

உத்தரவு செய்ய முடியாத வேலையை விமர்சனம் செய்கிறது. "தி சிம்ப்சன்ஸ்" தொடரில் வரும் இந்தியக் கடைக்காரர் அப்பு பாத்திரத்தைப் பற்றி, இந்திய வம்சாவளி நகைச்சுவையாளர் ஹரி கொண்டபோலு 2017இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். பள்ளியில் தன்னைக் கிண்டல் செய்யப் பயன்பட்ட குரல் அது என்று அவர் விளக்கினார். யாரும் தடை கேட்கவில்லை. பெரும் விவாதத்துக்குப் பிறகு 2020இல் அப்புவுக்குக் குரல் கொடுத்த ஹேங்க் அசாரியா அந்தப் பணியிலிருந்து விலகினார். கேலி செய்யப்பட்டவர் அதே ஊடகத்தில், அதே மொழியில், நகைச்சுவையாலேயே திருப்பிப் பேச முடிந்ததால் இது நடந்தது.

ஒரகடத்தில் அந்த நிலை இன்னும் வரவில்லை. வராததன் விலை என்ன என்பதை 2023 மார்ச் காட்டியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. பீகார் சட்டமன்றத்தில் கூச்சல் எழுந்தது. பீகார் அதிகாரிகள் குழு ஒன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. அந்தக் காணொளிகள் பொய்யானவை என்று தமிழ்நாட்டுக் காவல்துறை விளக்கி வழக்குப் பதிந்தது. ஹோலிக்கு ஊருக்குப் போகும் நேரம் அது. அதற்கிடையே அச்சத்தாலும் பலர் ரயில் ஏறினார்கள். காணொளிகள் பொய். அவற்றைப் பரப்பியவர்களே அதற்குப் பொறுப்பு. ஆனால் அந்தப் பொய் ஏன் அவ்வளவு எளிதாக நம்பப்பட்டது என்ற கேள்வியை நாம் நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலை செய்யும் ஊர் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று ஒருவருக்கு முன்பே தெரிந்திருந்தால், அதே ஊர் தன்னை அடிக்கும் என்று யாராவது சொல்லும்போது அவர் நம்புவதற்கு அதிக நேரம் ஆகாது.

முடிவாக

நகைச்சுவைக்கு எல்லை கட்ட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து அல்ல. "வடக்கன்" என்ற தலைப்பு அந்தப் படத்துக்குக் கிடைத்திருக்க வேண்டும். விகடன் துணுக்குக்கும் பாலாவின் சித்திரத்துக்கும் சிறைக் கதவு திறந்திருக்கக் கூடாது. அதே நேரத்தில், தடை கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த மீமுக்கு நகர்ந்துவிடுவதும் போதாது. நம்மில் பலர் அந்த மீம்களைப் பகிர்ந்தவர்களே.

அடுத்த முறை ஒரு நகைச்சுவை கைப்பேசிக்கு வரும்போது மாணவர்கள் மேற்சொன்ன மூன்று கேள்விகளையும் அதன் முன் வைத்துப் பார்க்கலாம். குறி யார்? அடி யார் மேல்? அடி வாங்கியவர் பதில் சொல்ல முடியுமா? மூன்றுக்கும் விடை சரியாக இருந்தால், எவ்வளவு காரமாக இருந்தாலும் தாராளமாகச் சிரிக்கலாம், யார் முகம் சுளித்தாலும் கவலையில்லை. மூன்றாவது கேள்விக்கு "முடியாது" என்று விடை வந்தால், அவருக்குப் பதிலாகத் தடை கேட்பது தீர்வல்ல. அவர் பேசும் நாள் வரை, அந்த நகைச்சுவை எங்கே பொய் சொல்கிறது என்று எடுத்துக்காட்டுவது விமர்சகரின் வேலை. ஒரகடம் சாலையில் ஷிப்ட் முடிந்து இறங்கும் தொழிலாளிகள் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சிலர் இங்குள்ள பள்ளிகளில் தமிழில் படிக்கிறார்கள். அவர்கள் நம்மைப் பற்றித் தமிழிலேயே நகைச்சுவை சொல்லும் நாள் வரும். அன்று அதைக் கேட்டுச் சிரிக்க நம்மால் முடிகிறதா, அல்லது மனம் புண்பட்டது என்று புறப்படுகிறோமா என்பதில், இன்று நாம் "சும்மா தமாஷ்" என்று சொன்னது உண்மையா என்பது தெரிந்துவிடும்.